ஏரியில் உறைந்த பென் டிரைவும் ஆயிரத்து நூற்று இருபத்தாறு ஊகங்களும்

டோர்கெல், மினசோட்டா
ஏப்ரல் 17, வெள்ளிக்கிழமை

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய வெர்னிஸ் அக்கா அவர்களுக்கு,

தம்பி ஆரின் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மனைவி ஆர்டிஸும் நலம். உங்களுக்கு வைத்த புது இடுப்பு மூட்டு அரிசோனா வெயிலில் நன்றாகப் பழகி, நீங்கள் கைத்தடி இல்லாமல் நடக்கும் செய்தியை அடுத்த தபாலில் எதிர்பார்க்கிறோம். ஊரில் பனி குறைந்துவிட்டது. தபால்பெட்டிகளின் கால்கள் மறுபடி தெரிகின்றன. தேவாலயத்துப் பெண்கள் எல்லாரும் உங்களை விசாரித்தார்கள்.

இந்த மாதம் இரண்டாம் தேதி நீங்கள் தொலைபேசியில் "பட்டியல் மாட்டியாச்சா?" என்று கேட்டீர்கள். முதல் தேதி காலை எட்டு மணிக்குச் சரியாக மாட்டினேன் என்று சொன்னேன். அது உண்மை. அப்புறம் ஆர்டிஸிடம் பேசிவிட்டு, அவள் குரல் சரியில்லை, நடந்ததை எழுது என்றீர்கள். முப்பத்தெட்டு ஆண்டுகள் மாவட்ட வாரப் பத்திரிகையில் அடுத்தவர் வீட்டுத் தீயையும் திருட்டையும் வரிசை தவறாமல் எழுதியவன் நான். என் தவறை எழுதப் பதினைந்து நாள் பிடித்திருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குத் தெரிந்ததையே முதலில் சொல்கிறேன், வரிசைக்காக. ஜனவரியில் ஏரிப் பனிக்கட்டியின் மேல் சிவப்புப் பீப்பாயை வைத்து, கம்பியால் கரையிலிருக்கும் கடிகாரத்தோடு கட்டினோம். பனி உருகிப் பீப்பாய் மூழ்கும்போது கம்பி இழுபட்டுக் கடிகாரம் நிற்கும். அந்த நாளையும் நிமிடத்தையும் மிக நெருக்கமாக ஊகித்தவருக்கு அரை மாடு, கசாப்புக்காரர் வெட்டிப் பொட்டலம் கட்டியது. சீட்டு விற்ற வரவு தீயணைப்புப் படையின் புதுப் பம்புக்கு. ஊகங்களைப் பிப்ரவரி கடைசியோடு நிறுத்தி, முழுப் பட்டியலையும் ஏப்ரல் முதல் தேதி காலை எட்டு மணிக்குத் தீயணைப்பு நிலையக் கதவில் மாட்ட வேண்டும், மாட்டிய பிறகு யாரும் எதையும் சேர்க்க முடியாது என்ற விதி நீங்கள் வைத்தது. முப்பத்தொரு ஆண்டுகள் ஒரு தடவைகூட நீங்கள் தவறியதில்லை. இரண்டு வருடம் முன்பு, ஊகச் சீட்டுகள் வைக்கும் செருப்புப் பெட்டியை என் கையில் கொடுத்தபோது இந்த ஒன்றைத்தான் சொன்னீர்கள். போன வருடம் உங்கள் வழியிலேயே காகிதத்தில் வைத்திருந்தேன். இந்த வருடம், அக்கா, நான் கணினிக்கு மாறினேன். சீட்டு விற்ற மதுக்கடையிலிருந்தும் தீவனக் கடையிலிருந்தும் வந்த ஊகத் தாள்களை அன்றன்றே என் மடிக்கணினியில் ஏற்றிவிட்டு, ஒரே பந்தயத்துக்கு இரண்டு பட்டியல் இருந்தால் இரண்டு வெற்றியாளர் வருவார்கள் என்று பெரிய மேதை மாதிரி யோசித்து, தாள்களை என் மீன்பிடிக் குடிலின் அடுப்பில் போட்டு எரித்தேன். நன்றாகவே எரிந்தன.

ஆனால் நான் அசட்டையாக இருந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அக்டோபரில் நம் நூலகர் லோர்னா பெட்ரிச் இதைப் பற்றி ஒரு வகுப்பு எடுத்தார். நூலகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்வதும் அவர்தான். நாற்பத்தாறு வயது இருக்கும், சத்தமே இல்லாத பெண்மணி. முக்கியமான எதையும் மூன்று இடத்தில் வையுங்கள், அதில் ஒன்று உங்கள் வீடு எரிந்தாலும் எரியாத இடமாக இருக்கட்டும் என்றார். நான் குறிப்பெடுத்தேன். பட்டியல் என் மடிக்கணினியில் இருந்தது, என் பழைய கணினியில் இருந்தது, ஆர்டிஸின் டேப்லெட்டிலும் இருந்தது. ஒன்றில் திருத்தினால் மற்ற இரண்டிலும் தானாகத் திருந்தும் ஏற்பாடு. அதைப் பார்த்து எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒன்றில் அழித்தால் மற்ற இரண்டிலும் தானாக அழியும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மார்ச் ஏழு, சனிக்கிழமை, டேப்லெட்டில் இடமில்லை, பேத்தியின் பனிச்சறுக்குப் படங்களைச் சேமிக்க முடியவில்லை என்று ஆர்டிஸ், தனக்குச் சம்பந்தமில்லாத ஒரு ஃபோல்டரை அழித்தாள். மறுநாள் ஞாயிறு. தேவாலயத்திலிருந்து வந்ததும் காபிக்கு முன்னால் எல்லாக் குப்பைத்தொட்டிகளையும் காலி செய்கிற பழக்கம் எனக்கு, சமையலறையில் இருப்பதையும் சரி, கணினியில் இருப்பதையும் சரி. உள்ளே என்ன கிடக்கிறது என்று பார்ப்பதில்லை. பார்த்தால் எதற்குக் குப்பை?

மார்ச் இருபத்து மூன்று, திங்கள், பட்டியலை அச்செடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். இல்லை. பழைய கணினியில் பார்த்தேன், அதிலும் இல்லை. ஆர்டிஸைக் கூப்பிட்டேன். அவள் டேப்லெட்டில் தேடிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"அந்த 'பனி' ஃபோல்டரா? நான் பழைய ஸ்னோ படம்னு நெனச்சேங்க."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. ஐம்பத்தோரு வருட மணவாழ்க்கையில் இது எங்களுக்குப் பெரிய சண்டைதான். அவள் குரலில் நீங்கள் கேட்டது இதன் மிச்சம்.

மறுநாள் காலை நூலகத்துக்குப் போனேன். இங்கிருந்து லோர்னாவைப் பற்றி எழுத வேண்டும். உண்மையில் கடிதமே அதற்குத்தான். பத்திரிகை ஆசிரியர்கள், நீதிபதிகள், இரண்டு ஆளுநர்கள் என்று எத்தனையோ பேர் கேள்வி கேட்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இவரைப் போலக் கேட்டவர் யாருமில்லை. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று ஒரு தடவைகூட அவர் வாயில் வரவில்லை. கடைசியாக உங்கள் கண்ணால் எங்கே பார்த்தீர்கள், எந்தக் கணினியில், என்றைக்கு, அதற்கப்புறம் அந்தக் கணினியில் என்னென்ன செய்தீர்கள் என்று கேட்டார். நான் உற்சாகமாக, காணாமல் போனது தெரிந்ததிலிருந்து நடந்ததையெல்லாம் மணிவாரியாக அதே மடிக்கணினியில் எழுதி வருகிறேன், பதினோரு பக்கம் ஆகிவிட்டது, காட்டட்டுமா என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஆரின், எழுதறத நிறுத்துங்க."

"குறிப்பு வேண்டாமா?"

"அழிச்ச ஃபைல் உடனே போயிடாது. அது இருந்த இடத்துல வேற ஒண்ணு எழுதற வரைக்கும் அங்கயேதான் கெடக்கும். நீங்க மேல மேல எழுதிக்கிட்டே இருக்கீங்க. மூடி வைங்க. இனிமே அத தொறக்கவே கூடாது."

முப்பத்தெட்டு ஆண்டுகளில் எந்த ஆசிரியரும் என்னிடம் இவ்வளவு தெளிவாக இதைச் சொன்னதில்லை. மூடினேன்.

பிறகு நான்காவது நகலைப் பற்றிச் சொன்னேன். எரியாத இடத்தில் ஒன்று என்று அவர் சொன்னதால், மார்ச் முதல் தேதி பட்டியலை ஒரு நீல நிறப் பென் டிரைவில் போட்டு வீட்டுக்கு வெளியே வைத்திருந்தேன். எங்கே என்றார். எனக்கு இருக்கிற இன்னொரு வீடு எது, அக்கா? ஏரி மேல் நிற்கிற மீன்பிடிக் குடில்தானே? அங்கே தூண்டில் முள் வைக்கும் காபி டப்பாவுக்குள் வைத்திருந்தேன். வீடு எரிந்தாலும் அது எரியாது, சுற்றிலும் முப்பது அங்குலப் பனிக்கட்டி. லோர்னா கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்தார். பனி இளகுமுன் குடில்களை ஏரியிலிருந்து எடுத்துவிட வேண்டிய கெடு முடிந்துவிட்டதே என்றார். முடிந்துவிட்டது. பதினான்காம் தேதியே தீயணைப்புப் படை ரெய்னோவின் லாரியில் கட்டி இழுத்து வந்து என் கொல்லையில் நிறுத்தியிருந்தோம். போய்த் திறந்து பார்த்தால் காபி டப்பா கவிழ்ந்து கிடந்தது, மூடி தனியாக. பத்துப் பன்னிரண்டு முட்கள் தரையில் இருந்தன. மற்றவையும் பென் டிரைவும் தரையிலிருக்கிற தூண்டில் ஓட்டை வழியாகப் போய்விட்டன.

ரெய்னோ கங்காஸ் இப்போது தீயணைப்புப் படைத் தலைவர் என்பது உங்களுக்குத் தெரியும். அவனிடம் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. லோர்னாதான் சொன்னார். அவன் காபியைக் குடித்து முடித்தான். ஊரில் எல்லாரிடமும் மறுபடி கேட்டு எழுதிக்கொண்டால் என்ன என்று நான் மெல்லக் கேட்டேன்.

"ஜனவரில சொன்னத இப்ப கேட்டா எவனுக்குப்பா அதே தேதி ஞாபகம் வரும்?" என்றான். "ஏரிய ஒரு தடவ எட்டிப் பாத்துட்டு வந்து சொல்லுவான். எல்லாப் பயலுக்கும் ஏப்ரல் பதினெட்டு, பத்தொம்பதுன்னுதான் ஞாபகம் வரும். நானே அப்பிடித்தான் சொல்லுவேன்."

ஆகவே இருபத்தைந்தாம் தேதி காலை மூவரும் ஏரிக்குப் போனோம். நடு ஏரியில் பனிக்கட்டி இன்னும் கெட்டி, கரையோரம் மட்டும் இளகி நீர் தேங்கியிருந்தது. ரெய்னோ கரையிலிருந்து ஒரு பலகையைப் போட்டு, என் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறு முனையைத் தன் லாரியில் கட்டினான். லோர்னாவுக்கும் கட்டட்டுமா என்றதற்கு, அந்தம்மாவுக்கு எதுக்கு, அவங்க யோசிச்சுதான் கால் வைப்பாங்க என்றான். குடில் நின்ற இடம் சதுரமாகத் தெரிந்தது. நான் என் வழக்கப்படி எல்லாத் திசையிலும் தேடினேன். லோர்னா தேடவில்லை. லாரி எந்தப் பக்கம் இழுத்தது, குடில் முதலில் எங்கே குலுங்கியது என்று ரெய்னோவிடம் கேட்டு, அந்தக் கோட்டில் மெதுவாக நடந்தார். நாலாவது அடியில் ஒரு முள், ஏழாவது அடியில் இரண்டு முள், ஒரு சிவப்பு மிதவை. ஒன்பதாவது அடியில், யாரோ மீன் பிடிக்கப் பனிக்கட்டியில் தோண்டிய பழைய தூண்டில் குழி, மறுபடி உறைந்திருந்தது. மண்டியிட்டுக் கையுறையால் பனித்தூளைத் துடைத்தார். ஒரு விரல் ஆழத்தில், கண்ணாடிக்குள் வைத்த மாதிரி, நீலமாக அது இருந்தது. ரெய்னோ உளியால் சுற்றி வெட்டி, ரொட்டி அளவு பனிக்கட்டியாக அதை எடுத்துக் கொடுத்தான். நான் அழுதேன் என்று ரெய்னோ ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறான். காற்று பலமாக இருந்தது.

அடுப்பில் வைத்தால் ஐந்து நிமிடத்தில் உருகிவிடும் என்றேன். அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொல்லி அவள் தங்கை சொன்னதாக ஆர்டிஸ் ஒரு பை அரிசியோடு வந்தாள். லோர்னா இருவருக்கும் நன்றி சொல்லி, அரிசியை வாங்கி நூலகச் சமையலறையில் வைத்தார். அன்று மதியம் அதைச் சோறாக்கிச் சாப்பிட்டதாகப் பிறகு தெரிந்தது. பனிக்கட்டியைக் குளிர்பெட்டியில் வைத்து ஓர் இரவு மெதுவாக உருகவிட்டார். உறையைக் கழற்றி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, இன்னொரு நாள் சும்மா உலர்த்தினார். இதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. புத்தகம் திருப்பித் தர வருகிற மாதிரி வந்து, திருப்பித் தந்துவிட்டு, வெயிலைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள். மூன்று பேர் எலுமிச்சைப் பணியாரத் தட்டுகளை மேசையில் வைத்துவிட்டு, இது யாருடையதோ தெரியவில்லை என்றார்கள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் பென் டிரைவைச் செருகினார். வேலை செய்தது. பதினோரு நாள் ஏரியில் உறைந்து கிடந்த பொருள், அக்கா. திரையில் என் பட்டியலின் பெயர் வந்தது. ரெய்னோ தொப்பியைக் கழற்றினான். லோர்னா அதைத் திறந்தார். திறக்கவில்லை. குனிந்து பார்த்துவிட்டு, வெகு நேரம் வார்த்தை தேடினார். என் மனம் நோகாத வார்த்தையைத் தேடினார் என்பது அப்போதே எனக்குப் புரிந்தது.

"நீங்க காப்பி பண்ணது ஃபைல் இல்ல, ஆரின். திரையில இருக்கற ஷார்ட்கட்ட. அது, ஃபைல் எங்க இருக்குன்னு காட்டற அம்புக்குறி மட்டுந்தான்."

அதாவது, பத்திரமாக இருக்கட்டும் என்று, வீட்டை விட்டுவிட்டு, வாசலில் இருந்த பெயர்ப்பலகையைக் கழற்றி ஏரிக்குக் கொண்டு போயிருக்கிறேன். அந்தப் பலகைக்காகத்தான் ஒரு தீயணைப்புத் தலைவரும் ஒரு நூலகரும் பனியில் மண்டியிட்டார்கள். ரெய்னோ தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டான். "அம்புக்குறி நல்லாத்தான் இருக்கு. ஈரமே படல" என்றான்.

இன்னும் நான்கு நாள்தான் இருந்தது. ராஜினாமாக் கடிதத்தை மனதுக்குள் எழுதத் தொடங்கினேன், மனதுக்குள் மட்டும், கணினியில் இல்லை. லோர்னா அந்த மூடிய மடிக்கணினியைக் கேட்டார். நான் ஓய்வு பெற்றபோது பத்திரிகை அலுவலகம் பிரிவுப் பரிசாகத் தள்ளிவிட்டது அது. உள்ளே பழைய மாதிரிச் சுழலும் வட்டு. அதுதான் நமக்கு நல்லது, புதுசா இருந்தா அழிச்ச இடத்தைத் தானே துடைச்சிருக்கும் என்றார். வட்டைக் கழற்றி, சனிக்கிழமை முழுக்க அதற்கு ஒரு முழு நகல் எடுத்தார். எடுத்ததும் மூலத்தை உறையில் போட்டு, தேதி எழுதி, ஒட்டி, ரெய்னோவிடம் கொடுத்துவிட்டார். தேடுவதெல்லாம் நகலில்தான், தப்பு செய்தாலும் நகலில் செய்வேன் என்றார். இந்த ஒரு வாக்கியத்தை நான் இருபது வயதில் கேட்டிருந்தால் என் வாழ்க்கையில் குறைந்தது மூன்று வழக்குகளைத் தவிர்த்திருப்பேன்.

அதற்காக ஒரு மென்பொருளை ஓடவிட்டதில் அழிந்த கோப்புகள் ஆயிரக்கணக்கில் வந்தன. எதற்கும் பெயரில்லை, எண் மட்டும். என் பழைய இரங்கல் செய்திகள், நகர மன்றத் தீர்மானங்கள், ஆர்டிஸின் ஹாட்டிஷ் என்னும் இறைச்சிப் பதார்த்தத்தின் செய்முறை பாதி. அட்டவணைகளை மட்டும் பிரித்ததில் இருநூற்றுப் பன்னிரண்டு தேறின. லோர்னா நூலக வேலையைத் தள்ளி வைக்கவில்லை. புத்தகம் கேட்டவருக்குப் புத்தகம் கொடுத்துவிட்டு, திரும்பி வந்து அடுத்ததைத் திறப்பார், பார்ப்பார், இல்லை என்று தாளில் ஒரு கோடு போடுவார். ஞாயிறு, திங்கள், செவ்வாய். ஒரு தடவைகூடப் பெருமூச்சு விடவில்லை. என்னை எதிர் நாற்காலியில் உட்கார வைத்து, கோடுகளை எண்ணச் சொன்னார். நான் எதையும் தொடாமல் இருக்கத்தான் அந்த வேலை என்பது எனக்குத் தெரியும். செவ்வாய் மாலை நாலு நாற்பதுக்கு, நூற்று எண்பத்தேழாவதில், அவர் கை நின்றது.

"டூட்லீன்னு ஒருத்தர் இருக்காரா?"

"ஜான்சன் வீட்டு நாய். வருஷா வருஷம் சீட்டு போடும்."

"ஏப்ரல் ரெண்டு, காலை ஆறு மணியாம்."

"அதுக்கு ஏரியப் பத்தி ஒண்ணும் தெரியாது" என்றேன். கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தேன். இங்கே காற்றும் இல்லை.

பிப்ரவரி இருபத்தெட்டாம் தேதி கடைசியாகச் சேமித்தது, ஆயிரத்து நூற்று இருபத்தாறு வரிகள், ஒன்றும் குறையவில்லை. கடைசி எண்ணைச் சமையலறை நாள்காட்டியில் எழுதி வைத்திருந்தேன், இரண்டும் ஒத்துப்போயின. மறுநாள் காலை எட்டு மணிக்கு ரெய்னோ கதவைப் பிடித்துக்கொள்ள, நான் மாட்டினேன். லோர்னா வரவில்லை, நூலகம் திறக்கும் நேரம் என்றார். ரெய்னோ பட்டியலை மேலிருந்து கீழ் வரை படித்துவிட்டு, "அந்தம்மா பரவாயில்ல" என்றான். முன்பு வெள்ளத்தில் நான்கு பேரைக் காப்பாற்றியவருக்கு ஆளுநரே பதக்கம் கொடுத்தபோதும் இவன் இந்த வார்த்தையைச் சொன்னதில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள்.

இப்போது நான் செய்வதைக் கேளுங்கள். பட்டியல் நான்கு இடத்தில் இருக்கிறது, நான்கும் தனித்தனி, ஒன்று செத்தால் இன்னொன்றுக்குத் தெரியாது. ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, உள்ளே ஆட்கள் இருக்கிறார்களா என்று உறுதி செய்துகொண்டேன். ஒன்று காகிதத்தில். அது உங்களுக்காக. பத்திரிகைக்கும் லோர்னாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அடுத்த புதன் வரும். அவருக்குப் பிடிக்காது. இருந்தாலும் ஊர் தெரிந்துகொள்ளட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். படிக்கட்டில் அவசரம் வேண்டாம். ஆர்டிஸ் தன் அன்பையும் மன்னிப்பையும் சேர்த்து அனுப்புகிறாள், எது எதற்கு என்று நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆசி எப்போதும் எங்கள் மேல் இருக்கட்டும்.

என்றும் உங்கள் தம்பி,
ஆரின் டோலக்சன்

பின்குறிப்பு (ஏப்ரல் 20, திங்கள்): தபாலில் போடுவதற்குள் நேற்று மதியம் இரண்டு ஐம்பத்திரண்டுக்குப் பீப்பாய் மூழ்கிவிட்டது. மழையில் நாற்பது பேர் தீயணைப்பு நிலையக் கதவின் முன் நின்றோம். மிக அருகில் வந்த ஊகம், பத்தொன்பதாம் தேதி, இரண்டு ஐம்பது, வெர்னிஸ் டோலக்சன், மேசா, அரிசோனா. முப்பத்தொரு வருடம் பந்தயத்தை நடத்தியதால் சீட்டு போடும் உரிமையில்லாமல் இருந்த நீங்கள், இந்த வருடம்தான் முதல் தடவையாகப் போட்டிருக்கிறீர்கள். தம்பி தொலைத்தான், தம்பி கண்டுபிடித்தான், அக்கா ஜெயித்தாள். "வெர்னிஸா, சரி" என்றார் ஒருவர். இன்னொருவர் காபி இருக்கிறதா என்றார். இந்த ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லோர்னா மட்டும் நேரே வந்து, "எடுத்துக் குடுத்தது நான், ஆரின். என்னையும் சேத்துத்தான் சந்தேகமாப் பாக்கறாங்க" என்றார். அவரைப் பற்றி நான் எழுதியது புதன்கிழமை வேறு வருகிறது. நிறுத்தச் சொல்லிக் கேட்டேன், அச்சுக்குப் போய்விட்டதாம். ஆகவே அரை மாடு வேண்டாம் என்று நீங்களே எழுதுவதாக ஒரு கடிதத்தை நானே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். உங்களுக்கு அடுத்து நெருங்கியவர் பாதிரியாரின் மனைவி, அவரை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். கையெழுத்துப் போட்டு உடனே அனுப்புங்கள். இந்தக் கடிதத்தை அடுப்பில் போடுங்கள். இரண்டுக்கும் நகல் எடுத்து வைக்க வேண்டாம்.